இலங்கைத்துறையின் நாற்பது ஊரிகள்

கோத்தன்பர்க், சுவீடன்
14.01.2024

அன்புள்ள காக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் பஸ்னா மதினியும் நலமாக இருக்க அல்லாஹ்வை வேண்டுகிறேன். இங்கே பனி முழங்கால் வரைக்கும் கிடக்கிறது. நான் சுகம். உங்கள் சீனி வருத்தம் எப்படி? குளிசை ஒழுங்காகப் போடுகிறீர்களா?

தபாலில் எழுதுகிறேன் என்று சிரிக்காதீர்கள். போனில் கதைத்தால் ஐந்தாவது நிமிடம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. எழுதினால் ஆறுதலாக யோசித்து எழுதலாம்.

ஓர் உதவி வேண்டும். போன ஓகஸ்டில் நான் வந்து சாம்பல்தீவிலும் கப்பல்துறையிலும் ஊரி, அந்தக் கடல் நத்தை, பொறுக்கியது நினைவிருக்கும். அலை அடிக்கும் பாறையில் இருப்பது சின்னது, ஓடு மெல்லியது, வாய் அகலம். பாறையை இறுகப் பிடிக்க அதற்குப் பெரிய பாதம் தேவை. நண்டு இருக்கும் சேற்றுக்கரையில் இருப்பது பெரியது, ஓடு தடித்தது, வாய் ஒடுக்கம். நண்டால் உடைக்க ஏலாது. இரண்டும் ஒரே இனம்தான்.

என் கேள்வி இதுதான். தடித்த ஊரி ஏதோ ஓரிடத்தில் தோன்றி மற்றக் கரைகளுக்குப் பரவியதா? அல்லது ஒவ்வொரு கரையும் தன் மெல்லிய ஊரியிலிருந்தே தனக்கென ஒரு தடித்த ஊரியை உண்டாக்கிக்கொண்டதா? இரண்டு கரை போதாது, மூன்றாவதாக இலங்கைத்துறை வேண்டும். அங்கே போக எனக்கு நாள் கிடைக்கவில்லை. கடல் பாறையில் மெல்லியது நாற்பது, களப்பு கடலோடு சேரும் வாயில் தடித்தது நாற்பது. அனுமதிக் கடிதம் இத்துடன் இருக்கிறது. குழாய்களும் ஸ்பிரிட்டும் திருகோணமலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தருவார்கள். எடுத்ததும் அங்கேயே ஒப்படைத்தால் எனக்கு அனுப்புவார்கள்.

என் மூன்று வருடப் படிப்பு இந்த எண்பது ஊரியில் நிற்கிறது, காக்கா.

அன்புடன்,
அஸ்மியா

*

கிண்ணியா
20.02.2024

அன்பின் தங்கச்சி அஸ்மியாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நாங்கள் இருவரும் சுகம். குளிசை போடுகிறேன். நம்பாவிட்டால் மதினியிடம் கேள்.

சனிக்கிழமை எஞ்சின் திருத்துகிற வேலையை நிறுத்திவிட்டு, மோட்டார் சைக்கிளில் கங்கைப் பாலம் தாண்டி, மூதூர், தோப்பூர் வழியாக இலங்கைத்துறைக்குப் போனேன். பாறையில் குனிந்து உன் ஊரியைத் தேடிக்கொண்டிருக்க, கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா கிட்ட வந்து நின்றா. நல்லம்மா என்று பேர்.

"நீங்க ஆர்? காணி அளக்க வந்தனீங்களோ?"

"இல்லையம்மா. ஊரி பொறுக்க வந்தனான்."

"ஊரி பொறுக்கக் கிண்ணியாவில இருந்து ஆளுகள் வாறதோ? பொய் சொல்லாதேங்கோ. ஆர் அனுப்பினது?"

"என்ட தங்கச்சி. வெளிநாட்டில படிக்கிறா."

"ஊரியைப் பற்றியோ?" என்று கேட்டுவிட்டு, நான் போகுமட்டும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றா. உன் அனுமதிக் கடிதத்தைக் காட்டினேன். அது இங்கிலீசில் இருந்ததால் சந்தேகம் இன்னும் கூடியதுதான் மிச்சம்.

மெல்லியது நாற்பதும் எடுத்தாயிற்று. பாறை கொஞ்சம் வழுக்கியது, பெரிய விசயமில்லை. நேரம் போய்விட்டதால் களப்பு வாய்க்குப் போகவில்லை. அடுத்த கிழமை போய்த் தடித்ததையும் எடுத்து விடுவேன்.

வஸ்ஸலாம்.
முனாஸ்

*

கோத்தன்பர்க்
25.03.2024

அன்புள்ள காக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு நாளில் உடம்பைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். டொக்டர் சரி என்றால் மட்டும் நோன்பு பிடியுங்கள். நான் நலம்.

அடுத்த கிழமை என்று எழுதி ஐந்து கிழமை ஆகிறது. வளாகத்தில் விசாரித்தேன், ஒரு பெட்டியும் வரவில்லை என்கிறார்கள். வேலை கூடிப்போய் ஏலாதென்றால் ஏலாது என்று எழுதுங்கள். வேறு ஆளைப் பார்க்கிறேன். ஆனால் பதில் எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

அஸ்மியா

*

கிண்ணியா
29.04.2024

அன்பின் தங்கச்சிக்கு,

ஸலாம். எல்லாரும் சுகம். பெருநாள் வீட்டோடு கழிந்தது.

இரண்டு பெட்டியும் வளாகத்தில் கொடுத்தாயிற்று. மெல்லியது நாற்பது, பாறையில். தடித்தது நாற்பது, களப்பு வாயில். மூடியில் எழுதியிருக்கிறது.

முனாஸ்

*

கோத்தன்பர்க்
02.09.2024

அன்புள்ள காக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் இருவரின் நலனையும் நாடுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, நித்திரைதான் இல்லை.

முடிவுகள் வந்துவிட்டன. விளங்குகிற மாதிரிச் சொல்கிறேன். தடித்த ஊரி எந்தக் கரையில் இருந்தாலும் அதன் நிறமூர்த்தம், அதாவது குரோமோசோம், ஒன்றில் ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பி இருக்கிறது. ஓட்டைத் தடிப்பாக்கும் பரம்பரை அலகுகள் அந்தத் துண்டுக்குள்தான் கட்டுண்டு கிடக்கின்றன. அது எல்லாக் கரைக்கும் பொது. மிச்ச டி.என்.ஏ. முழுக்க அந்தந்த ஊருக்கே உரியது. சாம்பல்தீவில் தடித்ததும் மெல்லியதும் உறவு. கப்பல்துறையிலும் அப்படித்தான். கரை கரையாகத் தனித்தனியே நடந்த மாற்றம், ஆனால் ஒவ்வொரு கரையும் கையாண்டது அதே துண்டை.

இலங்கைத்துறையில் மட்டும் கதை மாறுகிறது. நீங்கள் பாறையில் எடுத்த மெல்லிய நாற்பதும் அந்த ஊருக்கே உரியவை. தடித்த நாற்பதும் அடி முதல் நுனி வரை கப்பல்துறை ஊரி. தடித்தது அங்கிருந்து பரவியது என்றுதான் இதற்குப் பொருள். பேராசிரியருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நவம்பரில் பெரிய கூட்டம் ஒன்றில் இதைச் சொல்லச் சொல்கிறார்.

எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. பரவியது பல்லாயிரம் வருடத்துக்கு முன் என்றால், இரண்டு ஊர் ஊரிக்கும் நடுவே கொஞ்சமாவது வித்தியாசம் சேர்ந்திருக்க வேண்டும். ஒன்றும் இல்லை. ஒரே வாளியில் அள்ளியது போல இருக்கிறது. முதலில் இங்கே கூட வேலை செய்யும் பெண்ணைச் சந்தேகித்தேன். குழாய்களை மாற்றி விட்டாளோ என்று எல்லா மூடியையும் மறுபடி வாசித்தேன். அவள் மூன்று நாளாக என்னோடு கதைக்கவில்லை. அவள் பக்கம் பிழை இல்லை.

தடித்ததை எடுக்க எந்தத் திகதியில் போனீர்கள்? யார் கூட வந்தார்கள்? படம் எடுத்தீர்களா? கோபிக்காமல் எழுதுங்கள்.

அஸ்மியா

*

கிண்ணியா
25.09.2024

தங்கச்சி அஸ்மியாவுக்கு,

ஸலாம். சுகம் கேட்டதற்கு நன்றி. சுகமாகத்தான் இருக்கிறோம்.

பொலிஸ் விசாரணைக்குப் பதில் சொல்வது போல எழுத வேண்டியிருக்கிறது. ஏப்ரல் 20, சனிக்கிழமை. காலை ஒன்பது இருபதுக்குக் களப்பு வாயில் இறங்கினேன். பதினொன்று நாற்பதுக்கு ஏறினேன். மதினியின் தம்பி இன்ஷாப் கூட வந்தான். காற்றில்லை. கண்டல் வேரில் பதினேழு ஊரி, சேற்றில் இருபத்துமூன்று. வெள்ளைக் கொக்கு மூன்று நின்றது. இது போதுமா, இன்னும் வேண்டுமா?

இன்ஷாப் எடுத்த படமும் இத்துடன் இருக்கிறது. தண்ணீர்க்கரையில் ஊரியைப் பிடித்துக்கொண்டு நிற்பது நான்தான், ஐமிச்சம் இல்லையே?

கூடப்பிறந்தவனை விட வெள்ளைக்காரனின் மெசின் சொல்வதுதான் உனக்கு வேதம் என்றால் நான் என்ன செய்ய?

முனாஸ்

*

கோத்தன்பர்க்
10.10.2024

காக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம் விசாரிக்க எனக்கு இன்றைக்கு மனமில்லை.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் இடது தோளுக்குப் பின்னால், தூரத்தில், கோதுமை மாவாலையின் கோபுரங்கள் தெரிகின்றன. கப்பல்துறைக்குப் பக்கத்தில் இருக்கும் சீனன்குடா மாவாலை இலங்கைத்துறையில் எப்போது முளைத்தது?

நீங்கள் இலங்கைத்துறைக் களப்புக்குப் போகவே இல்லை. கப்பல்துறைச் சேற்றில் அள்ளி, மூடியில் ஊரின் பெயரை மாற்றி எழுதிவிட்டீர்கள். பார்வைக்கு ஒரே மாதிரித்தானே, இவளுக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தீர்கள். பார்வைக்கு ஒரே மாதிரி இருப்பவை உள்ளே வேறு வேறா என்று தேடுவதுதான் காக்கா என் முழு வேலையும். நான் பிடிக்காமல் விட்டிருந்தால் நவம்பரில் இருநூறு பேருக்கு முன்னால் நின்று பொய் சொல்லியிருப்பேன். அது பொய் என்பதும் எனக்குத் தெரிந்திருக்காது.

எனக்கு ஆச்சரியமில்லை. "உம்மா சுகம்" என்று நான்கு மாதம் போனில் சொன்னவர்தானே நீங்கள்? ஐந்தாவது மாதம் மௌத்துச் செய்திதான் வந்தது. முகத்தைப் பார்க்கவும் எனக்குக் கிடைக்கவில்லை. உங்கள் வாயால் வரும் "சுகம்" எனக்கு அன்றைக்கே செத்துப்போய்விட்டது.

ஏன் செய்தீர்கள்? அலுப்பா? என் படிப்பு உங்களுக்கு விளையாட்டா? அல்லது யாராவது செய்யச் சொன்னார்களா? எனக்கு இப்போது எல்லாவற்றிலும் ஐமிச்சம். அந்த மெல்லிய நாற்பதையும் நீங்கள்தான் எடுத்தீர்களா என்று கூடத் தெரியவில்லை.

அஸ்மியா

*

கிண்ணியா
04.11.2024

அன்பின் அஸ்மியா,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் பஸ்னா. நீ நல்ல உடம்போடு இருக்க வேண்டும் என்று துஆச் செய்கிறேன். உன் காக்காவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். உன் கடைசிக் கடிதத்தை வாசித்த நாளிலிருந்து அவர் ஒருவரோடும் கதைக்கிறார் இல்லை.

உன் காக்கா பெப்ரவரியில் இலங்கைத்துறைக்குப் போனது உண்மை. அந்த மெல்லிய ஊரி நாற்பதும் அவர் கையால் பொறுக்கியது. பாறையில் வழுக்கி, சிப்பி ஓடு வலது காலைக் கிழித்திருக்கிறது. சீனி வருத்தத்தில் அவருக்குப் பாதம் ஏற்கெனவே விறைப்பு, நோவு தெரியவில்லை. மூதூரில் தேத்தண்ணிக் கடைக்கு இறங்கியபோதுதான் செருப்பு நிறைய இரத்தத்தைக் கண்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து மஞ்சள் பூசிக்கொண்டு, "சின்னக் காயம்" என்றார். பத்து நாளில் பாதம் கறுத்தது. மார்ச் எட்டில் ஆஸ்பத்திரியில் பெருவிரலையும் அடுத்த இரண்டையும் எடுத்தார்கள்.

அப்போதே உனக்குச் சொல்லச் சொன்னேன்.

"சொன்னா அவள் படிப்பை விட்டுப்போட்டு வந்து நிப்பாள்" என்றார். "தன்ட ஊரியாலதான் விரல் போச்சு எண்டு காலம் முழுக்க அழுவாள். வேணாம் பஸ்னா."

பிறகு உன் கடிதம் வந்தது, பெட்டி எங்கே என்று. கட்டுப் போட்ட காலோடு இலங்கைத்துறைக்குப் போக ஏலுமா? இன்ஷாப்பின் ஆட்டோவில் ஏறிக் கப்பல்துறைப் பக்கம் போனார். அங்கே சேறு ரோட்டோரமாக இருக்கிறது. "ரெண்டும் ஒரே ஊரிதான், ஒரே தடிப்பு" என்று சொல்லிக்கொண்டுதான் எழுதினார். செய்தது பிழை. நானும் பார்த்துக்கொண்டு நின்றேன், அதுவும் பிழை.

ஒன்று சொல்கிறேன், கோபிக்காதே. உன் ஒவ்வொரு கடிதத்தையும் வாசிக்கும்போது நானும் உன்னைச் சந்தேகித்தேன். இவளுக்கு ஊரியைத் தவிர வேறு ஒன்றும் கண்ணில் படாதோ என்று.

இப்படிக்கு,
பஸ்னா

*

கோத்தன்பர்க்
19.11.2024

அன்புள்ள காக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். மதினி எழுதிவிட்டா. அவவோடு கோபிக்க வேண்டாம்.

படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். இடுப்புக்கு மேலேதான் எடுத்திருக்கிறீர்கள். தூரத்துக் கோபுரத்தைக் கண்டுபிடித்தவளுக்கு அது கண்ணில் படவில்லை. கடிதத்தில் நான் எழுதிய சில வரிகளை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

ஆனால் கோபம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். இன்னும் இருக்கிறது. விரல் போனதைச் சொல்லாமல் விட்டதற்கும் கோபம், மூடியில் பொய் எழுதியதற்கும் கோபம். இரண்டையும் பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

கூட்டத்தில் பேசுவதிலிருந்து விலகிவிட்டேன். பேராசிரியர் காரணத்தை எழுத்தில் கேட்கிறார். குழாய் மாறிவிட்டது என்று எழுதலாமா என ஒரு கணம் நினைத்தேன். எழுதினால் கூட வேலை செய்யும் பெண்ணின் மேல்தான் விழும். ஏற்கெனவே ஒரு முறை அவளைச் சந்தேகித்தவள் நான். அதனால் நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். அதை நான் எழுதுவதா, நீங்கள் எழுதுவதா? நீங்கள் சொல்லுங்கள்.

காலை நனைக்காதீர்கள்.

அஸ்மியா

*

கிண்ணியா
12.01.2025

அன்பின் தங்கச்சிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். காயம் ஆறிவிட்டது. நடக்கும்போது வலப்பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். எஞ்சின் வேலையை இருந்து செய்கிறேன்.

உன் பேராசிரியருக்கு நானே எழுதியிருக்கிறேன். இத்துடன் இருக்கிறது. இங்கிலீசில் நீ மாற்றிக்கொள், ஆனால் ஒரு சொல்லையும் மென்மையாக்காதே. "முனாஸ் ஆகிய நான் தடித்த ஊரிகளைக் கப்பல்துறையில் எடுத்து, இலங்கைத்துறை என்று தெரிந்துகொண்டே எழுதினேன். என் தங்கச்சிக்கு இது தெரியாது." காலைப் பற்றி அதில் ஒன்றும் எழுதவில்லை. அது காரணம், நியாயம் இல்லை.

போன ஞாயிறு மழை விட்டது. மதினியும் நானும் இன்ஷாப்பின் ஆட்டோவில் இலங்கைத்துறைக்குப் போனோம். நான் கரையில் கதிரை போட்டு இருந்தேன். பஸ்னா முழங்கால் அளவு சேற்றில் இறங்கினாள். நாலு முறை விழுந்தாள். நண்டு ஒன்று கையைக் கடித்தது. அவள் உன்னை ஏசியதை எழுத ஏலாது.

நல்லம்மா வந்தா. என் காலைத்தான் முதலில் பார்த்தா.

"அண்டைக்கு ரத்தம் ஒழுகப் போன ஆள் நீங்கதானே? பாறை முழுக்கச் சிவப்பா இருந்தது. நான் கூப்பிட்டனான், நீங்க திரும்பிப் பாக்கேல்ல."

"கேக்கேல்ல அம்மா."

"கேட்டிருக்கும்" என்றா. "காணி அளக்க வந்த ஆள் எண்டு நான் உங்களை நினைச்சதுபோல, நான் பிடிக்க வாறன் எண்டு நீங்களும் நினைச்சிருப்பீங்க."

அது உண்மைதான், தங்கச்சி. கேட்டது. பயந்துதான் ஓடினேன்.

பிறகு அவவே சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினா. நாற்பதில் பதினைந்து அவ எடுத்தது. எல்லாரும் நிற்கிற படமும், போனில் இடம் காட்டுகிற படமும் பெட்டிக்குள் இருக்கிறது. இந்த முறை முழு ஆளாக நிற்கிறேன்.

வஸ்ஸலாம்.
முனாஸ்

*

கோத்தன்பர்க்
20.05.2025

அன்புள்ள காக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே பனி போய் மரமெல்லாம் தளிர்த்திருக்கிறது. நீங்கள் இருவரும் எப்படி?

முடிவு வந்துவிட்டது. களப்பு வாயின் தடித்த ஊரி நாற்பதும் இலங்கைத்துறைக்கே உரியவை. கப்பல்துறையோடு நெருக்கம் ஒன்றுமில்லை. நீங்கள் காலைக் கிழித்துக்கொண்டு எடுத்தீர்களே, அந்தப் பாறையின் மெல்லிய ஊரிதான் அவற்றுக்குக் கிட்டிய சொந்தம். தலைகீழான அந்தத் துண்டும் அப்படியே இருக்கிறது. மெல்லியவற்றிலும் அங்கொன்று இங்கொன்றாக அந்தத் துண்டைக் கண்டோம். பழைய காலத்திலிருந்தே எல்லாக் கரையிலும் சிலது அதை உள்ளே வைத்துக்கொண்டிருக்கிறது போலும். நண்டு வந்த இடத்தில் அதை வைத்திருந்தது பிழைக்கிறது, பெருகுகிறது. மூன்று கரை, மூன்று முறை. ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கவில்லை.

உங்கள் கடிதத்தை ஒரு சொல்லும் மாற்றாமல் கொடுத்தேன். பேராசிரியர் இரண்டு முறை வாசித்தார். இனி நீங்கள் தனியாக எடுத்து அனுப்பும் எதையும் ஏற்கமாட்டேன் என்றார். அதை உங்களுக்கு மறைக்க எனக்கு விருப்பமில்லை. கட்டுரை ஒரு வருடம் பிந்துகிறது. சேகரித்தவர்கள் என்று பஸ்னா மதினியின் பெயரும் நல்லம்மாவின் பெயரும் வரும். பாறை ஊரிக்கு உங்கள் பெயர் வரும்.

கூட வேலை செய்யும் பெண்ணிடமும் மன்னிப்புக் கேட்டேன். மன்னித்தாளா என்று தெரியவில்லை. கோப்பி ஊற்றித் தந்தாள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இனி எனக்கு "சுகம்" என்று எழுத வேண்டாம். உள்ளது எதுவோ அதை எழுதுங்கள்.

அன்புடன்,
அஸ்மியா

*

கிண்ணியா
08.06.2025

அன்பின் தங்கச்சி அஸ்மியாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நேற்று ஹஜ்ஜுப் பெருநாள். பள்ளிக்குப் போய் வந்தேன்.

உன் பேராசிரியர் சொன்னது சரி. நானென்றாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். நல்லம்மாவின் பெயர் புத்தகத்தில் வருகிறது என்று இன்ஷாப்பிடம் சொல்லி அனுப்பினேன். "எதுக்காம்? காணிக்கோ?" என்று கேட்டாவாம்.

நீ கேட்டபடி உள்ளதை எழுதுகிறேன். காலையில் சீனி இருநூற்றுப் பத்து. வலது கால் ஆறிவிட்டது. இடது காலின் சின்ன விரல் நாலு நாளாக நிறம் மாறியிருக்கிறது. பஸ்னாவுக்கு நேற்றுக் காட்டினேன். அழுதாள். வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். என்ன சொல்வார்களோ தெரியாது.

எனக்குப் பயமாக இருக்கிறது, அஸ்மியா. ஏலுமென்றால் வா.

முனாஸ்